சூரியனுக்கே ஃபிளாஷ்!

கன்னியாகுமரியில் சூரிய உதயத்துக்குச் சற்று முன்பு கூடும் கூட்டத்தில் கடலைப் பார்ப்பவர் குறைவு. கைபேசித் திரையைப் பார்ப்பவரே அதிகம். சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சூரியன் 8 நிமிடத்துக்கு முன்பே ஒளியை அனுப்பிவிட்டது. நம்மவர் பதிலுக்கு ஃபிளாஷ் அடிக்கிறார்! அது போய்ச் சேருவது முன்வரிசைக்காரரின் வழுக்கைத் தலை வரைதான்.

அடுத்து, 133 அடி வள்ளுவர் சிலையைப் படத்தில் இடுப்போடு வெட்டிவிட்டு, சூரியனை மச்சானின் உள்ளங்கையில் உட்கார வைக்கும் திருப்பணி. "கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க மச்சான்!" என்று அதட்டி முடிப்பதற்குள் முழு வட்டமும் மேலே வந்துவிடும். மொத்த உதயமே இரண்டு, மூன்று நிமிடம்தானே! உண்மையான வண்ணஜாலம் அதற்கு அரைமணி முன்பே வானத்தில் தொடங்கியிருக்கும். அப்போது இவர்கள் டீக்கடையில் சில்லறைக்குக் காத்திருந்தார்கள்.

அன்பர்களே, சீக்கிரம் வாருங்கள், ஃபிளாஷை அணையுங்கள். சூரியனுக்கு இருக்கிற வெளிச்சமே போதும்.