மாசியும் பாகற்காயும்

கேள்வி: ஜப்பான் உணவகத்துக்கு மகன் கூப்பிடுகிறான். பச்சை மீன் என்றாலே வயிற்றைப் பிரட்டுகிறது. போகலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாகப் போங்கள், அக்கா. முதலில் மிசோ சூப் கேளுங்கள். அதன் ருசிக்கு அடித்தளம் கட்சுவோபுஷி: சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போலக் காயவைத்து, தச்சர் மரம் சீவுகிற மாதிரிச் சீவி எடுப்பது. சம்பலுக்கு நீங்கள் உரலில் இடிக்கிற மாசி எது? அதே சூரை, அதே அவியல், அதே புகை! இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஜப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த தர்ஷன் முனிதாச, 1995 இல் கொழும்பில் 'நிஹோன்பாஷி' உணவகத்தைத் தொடங்கியவர். இரண்டு தீவும் ஒரே அடுப்படியில் சேரும் என்பதற்கு அவரே சாட்சி.

கேள்வி: ஒக்கினாவா தீவுக்குப் போகிறேன். நம் வாய்க்கு என்ன கிடைக்கும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பாகற்காய்! அங்கே 'கோயா' என்பார்கள். மெல்லிசாக அரிந்து, டோஃபுவும் முட்டையும் சேர்த்துப் பிரட்டினால் 'கோயா சம்புரு'. பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மே, ஜூன் மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி வரும். மார்ச், ஏப்ரல் இதமானது.

கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். 1945 போரில் நொறுங்கிய மண் அது. இடோமானில் உள்ள சமாதானப் பூங்காவில், போரில் இறந்த 2,40,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. எந்த நாட்டவர், படைவீரரா பொதுமகனா என்று பார்க்காமல் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் முன் நிற்கும்போது நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.