செத்தும் கொடுத்த செல்

நம் சினிமாவில் இதயம் உடைந்தால் பெரிய பிரச்னை இல்லை. கொஞ்சம் தாடி, ஒரு சால்வை, மழையில் ஒரு பாட்டு. கிளைமாக்ஸுக்குள் ஒட்டிக்கொள்ளும். நிஜ இதயத்துக்கு இந்த வசதி கிடையாது. பெரிய ஹார்ட் அட்டாக் ஒன்று வந்தால் சுமார் நூறு கோடி தசை செல்கள் செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு வரும். தழும்பு துடிக்காது. ‘பம்பிங் 35 பர்சென்ட்தான் இருக்கு’ என்று எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறாரே, அதெல்லாம் இந்தத் தழும்பின் கைங்கரியம்தான்.

உடைந்த இதயத்தை ஒட்டவைக்கிற இந்தக் காரியத்தை ஒரு மீன் அலட்டாமல் செய்கிறது என்பதுதான் நமக்கு அவமானம். ஸீப்ரா ஃபிஷ். கொளத்தூர் கடைகளில் பாலிதீன் பையில் ஊதிக் கட்டித் தருவார்களே, உடம்பெல்லாம் கோடு போட்ட பொடியன், அவனேதான். அவன் இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டியெடுத்தாலும் இரண்டு மாதத்தில் புதிதாக வளர்த்துக்கொள்கிறான். 2002-ல் அமெரிக்காவில் வெட்டியே பார்த்துவிட்டார்கள்!

மீனுக்கு முடிவது மனுஷனுக்கு முடியாதா? முடியும் என்று அதற்கு ஒரு வருஷம் முன்பே அடித்துச் சொன்னவர் பியரோ அன்வெர்சா. இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன ஆராய்ச்சியாளர். எலிகளுக்கு ஹார்ட் அட்டாக்கை வரவழைத்து, எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை (வேறு செல்களாக மாறக்கூடியவை) இதயத்தில் ஊசி போட்டது அவர் குழு. ஒன்பதே நாள். செத்த பகுதியில் 68 சதவீதம் புதுத் தசை! ‘நேச்சர்’ இதழே பிரசுரித்தது. எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூட ஒன்பது மாதம் ஆனது. எலி எங்கேயோ போய்விட்டது.

ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்து டாக்டர் ஸ்ட்ரவர் இன்னும் ஃபாஸ்ட். அதே 2001-ல், 46 வயதுக்காரர் ஒருவருக்கு அவருடைய சொந்த மஜ்ஜையை உறிஞ்சியெடுத்து, கதீட்டர் வழியாக இதய ரத்தக் குழாயில் விட்டாயிற்று என்று அறிவித்தார். எலிக்கே இன்னும் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியிருக்க மாட்டார்கள்.

2004-ல் இரண்டு கோஷ்டிகள் அதே எலி வேலையைத் திரும்பச் செய்து பார்த்தன. மஜ்ஜை செல்கள் இதயத் தசையாக மாறவே இல்லை. இதயத்தில் உட்கார்ந்துகொண்டும் ரத்த அணுக்களாகவே ஆகிக்கொண்டிருந்தன. ட்ரான்ஸ்ஃபர் ஆன அரசு ஊழியர், புது ஆபீஸிலும் பழைய ஃபைலையே புரட்டுகிற மாதிரி.

நீங்களும் நானும் என்றால் இதோடு ஊர்ப் பக்கம் போய்விடுவோம். அன்வெர்சா அசரவில்லை. அவர் கையில் ஏற்கெனவே 2003-ல் சொல்லிவைத்த இன்னொரு சீட்டு இருந்தது: மஜ்ஜை எதற்கு, இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறதே! 2007-ல் ஹார்வர்டின் ப்ரிகம் ஆஸ்பத்திரி ரத்தினக் கம்பளம் விரித்தது. சந்தேகப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஹார்வர்ட் முகவரியை விடப் பெரிய ஆதாரம் ஏது?

2010-ல் அவர் குழுவிடமிருந்து வந்ததுதான் உச்சம். 20 வயதிலிருந்து 100 வயதுக்குள் பெண்ணின் இதயத் தசை 15 தடவையும், ஆணின் இதயத் தசை 11 தடவையும் முழுசாகப் புதுப்பிக்கப்படுகிறதாம். அப்படியென்றால் தாத்தாக்கள் ஏன் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையா? ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசென் அதற்கு முந்தைய வருஷமே கணக்கு எடுத்திருந்தார், அதுவும் அணுகுண்டை வைத்து. பயப்படாதீர்கள். பனிப்போர் காலத்து அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. அது சாப்பாடு வழியாக எல்லார் உடம்புக்குள்ளும் போய், புதிதாகப் பிறந்த ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.விலும் பிஸ்கட் பாக்கெட் மாதிரி மேனுஃபாக்சரிங் டேட் குத்திவிட்டது. அதைப் படித்துப் பார்த்தால், 25 வயதில் வருஷத்துக்கு ஒரு சதவீத இதய செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அரை சதவீதம்கூட இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்களையறியாமல் செய்த ஒரே மருத்துவ சேவை.

இதற்குள் உலகம் முழுக்க நோயாளிகளுக்கு மஜ்ஜை ஊசி. பம்பிங் கூடியதாக ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டாரல் ஃபிரான்சிஸ் என்ற இதய டாக்டரின் குழு, வேறு வேலையே இல்லாத ஆடிட்டர் போல 49 சோதனைகளின் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டல் கழித்தல் சரிபார்த்தது. ஒன்றோடொன்று ஒத்துவராத தகவல்கள் 600-க்கும் மேல். அதோடு விட்டார்களா? எந்தச் சோதனையில் பிழை அதிகமோ அதில்தான் பலனும் அதிகம் என்று 2014-ல் கிராஃப் போட்டே காட்டினார்கள். முப்பதுக்கு மேல் பிழை இருந்தால் பம்பிங் சராசரியாக 7.7 சதவீதம் ஏற்றம். பிழையே இல்லாத ஐந்து சோதனைகளில் பலன் மைனஸ் 0.4. ஆக, இதயத்தை நிஜமாகவே பலப்படுத்தியது ஸ்டெம் செல் இல்லை, தப்புக் கணக்கு!

அன்வெர்சா விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. போனவர் அவர்தான். தன்னை விசாரித்த ஹார்வர்ட் மீதே கேஸ் போட்டார். 2015-ல் தள்ளுபடி. 2017-ல் ப்ரிகம் தரப்பு இந்த விவகாரத்துக்காக அமெரிக்க அரசுக்கு ஒரு கோடி டாலர் கட்டி செட்டில் செய்தது. 2018-ல் அவர் ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் பொய்யான, ஜோடித்த டேட்டா இருப்பதாகச் சொல்லி, வாபஸ் வாங்கும்படி ஹார்வர்டே இதழ்களுக்கு எழுதியது. கம்பளத்தைச் சுருட்டியாயிற்று.

இப்போது பாவம், செல்களின் கதைக்கு வருவோம். சில எலிகளுக்கு ஊசி போட்ட பிறகு இதயம் கொஞ்சம் தேறியது நிஜம்தானே, அது எப்படி? சின்சினாட்டியில் ஜெஃப் மோல்கென்டின் குழுவுக்கு விபரீதமான ஒரு யோசனை. ஸ்டெம் செல்களைக் கொன்றுவிட்டு, பிணங்களை ஊசி போட்டார்கள். இதயம் அதே அளவு தேறியது! ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து எடுத்த ஒரு சாமானைப் போட்டார்கள். அதற்கும் தேறியது. 2019-ல் இதையும் பிரசுரித்தது அதே ‘நேச்சர்’தான்.

அதாவது, உள்ளே போன செல் புதுத் தசையாகவும் மாறவில்லை, ஒரு மண்ணும் செய்யவில்லை. போய்ச் சேர்ந்தது, செத்தது, அவ்வளவுதான் அதன் பங்களிப்பு. ‘யாரோ போயிட்டாங்களாம்’ என்று எதிர்ப்புச் சக்தி செல்கள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தன. சாவு வீட்டுக்கு வந்த பங்காளிகள், வந்ததுதான் வந்தோம் என்று ஒழுகுகிற கூரையையும் கொஞ்சம் சரிபண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.