தாளாளருக்கும் உண்டு மறுமதிப்பீடு

எல்.கே.ஜி.யில் இடமில்லை என்று சொல்லும் தனியார் பள்ளி, ஏன் இல்லை என்று சொல்வதில்லை. அதே பள்ளியின் அங்கீகாரத்தை அரசு ரத்து செய்து பார்க்கட்டும்! தாளாளர் காரணம் கேட்பார், எழுத்தில் கேட்பார், வக்கீலோடு வந்து கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. பள்ளியின் தரப்பைக் கேட்காமல் அங்கீகாரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. நோட்டீஸ், விளக்கம், நேரில் விசாரணை. அப்போதும் முடிவு மாறாவிட்டால் மேல்முறையீடு. கடைசியில் இருக்கவே இருக்கிறது அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவு: சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஒரு ரிட் மனு. மனுவில் மாணவர்களின் எதிர்காலம் பக்கம் பக்கமாக இருக்கும். சில மனுக்களில் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் மட்டும் இருக்காது.

அங்கீகாரம் இல்லாமல் நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளுக்கு 10,000. (சில பள்ளிகளில் பஸ் கட்டணமே இதைக் கட்டிவிடும்.)

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 குழந்தைகள் தீயில் கருகியது ஒரு தனியார் பள்ளியில்தான். பெற்றோரே, பணம் கட்டும் முன் கட்டட உறுதிச் சான்றையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள்.