அப்பாவுக்குப் போட்ட திட்டம், எனக்குப் போடும் திட்டம்

1990களின் நடுவில் யோக்கோஹாமாவில் குடியிருந்தோம். இரண்டு நாள் வெளியூர் போய்வர நினைத்தால் முதல் வேலை, புத்தகக்கடைக்குப் போய் அந்த மாதத்து ரயில் கால அட்டவணையை வாங்குவது. ஜேடிபி வெளியிடும் அந்தப் புத்தகம் 1925இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. தொடக்கப் பக்கங்களில் நாடு முழுவதற்குமான ரயில் வரைபடம் இருக்கும். ஒவ்வொரு தடத்தின் மேலும் ஓர் எண். அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அந்தத் தடத்து வண்டிகளின் நேரம். படிக்கத் தெரிந்த கொஞ்சம் கான்ஜி எழுத்தையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஊரைச் சேர்த்துக் கோப்பேன்.

அந்த வருஷம் அப்பா வந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊட்டி மலை ரயில் எஞ்சின்கள் பழுது பார்க்க அங்கேதான் வரும். கடலும் வேண்டும், மலையும் வேண்டும், வெந்நீர் ஊற்றும் வேண்டும் என்றால் அத்தாமியில் இறங்கி ஹக்கோனே ஏறுவதுதான் வழி. அப்பாவுக்கு அது தவிர வேறொன்றும் முக்கியம்: ரயில்.

விடுதிக்குத் தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும். பேச வேண்டியதை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். எடுத்தவர் விடுதி நடத்தும் அம்மாள். அப்பா சுத்த சைவம் என்று சொன்னதும் ஒவ்வொன்றாகக் கேட்டார். மீன் வேண்டாம், சரி. மீனை வேகவைத்த சாறு? காய்ந்த போனிட்டோ சீவல் போட்டுத்தானே எங்கள் குழம்பு, கூட்டு எல்லாம்? அதுவும் கூடாது என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மறுநாள் மாலை அவரே கூப்பிட்டார். கொம்பு என்கிற கடற்பாசியையும் உலர்ந்த ஷிட்டாக்கே காளானையும் இரவு முழுக்க ஊறவைத்துச் சாறு எடுக்கிறோம், கோயில்களில் துறவிகளுக்கு அப்படித்தான் சமைப்பார்கள், உங்கள் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றார். அந்தச் சாற்றில் வெந்த தோஃபுவை அப்பா சாப்பிட்ட விதத்தை நான் மறக்கவில்லை. ரசம் மாதிரி கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஹக்கோனே மலை ரயில். 1919இல் கோரா வரைக்கும் போட்ட பாதை. மிகச் செங்குத்தான இடத்தில் 1,000 மீட்டர் போவதற்குள் 80 மீட்டர் ஏறுகிறது. ஊட்டிப் பாதையின் ஏற்றமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஊட்டியில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் உண்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். இங்கே பல் கிடையாது. சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிப்பு ஒன்றே. அப்பா இதை நம்பவில்லை. மலையடிவாரத்து ஓடவாராவிலிருந்து வந்து மலை ரயில் மாறும் யுமோட்டோ நிலையத்தில் குனிந்து தண்டவாளங்களுக்கு நடுவே பார்த்துவிட்டுத்தான் ஏறினார். வளைவுகள் மிகக் குறுகியவை. தேய்மானத்துக்கு எண்ணெய் விட்டால் வண்டி வழுக்கும் என்பதால், வண்டியிலேயே தொட்டி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறார்கள்.

வழியில் மூன்று இடத்தில் வண்டி நின்று, பின்பக்கம் முன்பக்கமாகி, எதிர்த்திசையில் ஏறும். அப்போது ஓட்டுநர் தன் சாவிகளை எடுத்துக்கொண்டு இறங்கி நடைமேடையோரமாகப் பின்னால் நடப்பார், கண்டக்டர் முன்னாலிருந்து வருவார். பாதி வழியில் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை மதிப்போடு பார்ப்பது அது.

மலை மேல் ஏரிக்கரையோரம் பழைய சோதனைச்சாவடி இருந்த இடத்தையும் பார்த்தோம். 1619இலிருந்து 1869 வரை அது இருந்தது. எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, வெளியேறும் பெண்களை அங்கே நிறுத்திச் சோதித்தார்கள். சிற்றரசர்களின் மனைவிகள் எடோவில் பிணையாக இருக்க வேண்டும் என்பது ஷோகுனின் சட்டம். தப்பிப் போகிறார்களா என்று பார்க்க, கூந்தலை அவிழ்த்துப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஊர் விட்டு ஊர் போக ஒரு பெண்ணுக்கு எவ்வளவு காகிதம் தேவைப்பட்டது என்பதை அங்கே நின்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

இப்போது என் மகள் எனக்குத் திட்டம் போடுகிறாள். டோக்கியோவில் வேலை. அதே அத்தாமி, அதே ஹக்கோனே. "அம்மா, நீங்க சும்மா இருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று கைபேசியை எடுத்தாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடற்கரை, மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, ஏரிக்கப்பல், சாவடி, மறுபடி பேருந்து, மாலைக்குள் வீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிஷக் கணக்கு. வண்டி திரும்பி ஏறும் அந்த நிறுத்தங்கள் அதில் காத்திருப்பு நேரமாகச் சேர்ந்திருந்தன.

எளிதாகப் போக முடிந்த காலத்தில் ஏன் இத்தனை குறைவாகத் தங்குகிறோம்? இது ஹக்கோனேக்குப் பழைய கேள்வி. வெந்நீரில் நோய் தீர்க்க வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவதுதான் அந்தக் கால வழக்கம். ஒரே இரவு தங்கிப் போகிறவர்களை யுமோட்டோ ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டதற்கு, வழிப்போக்கர்களை நம்பிப் பிழைத்த பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, 1805இல் அது வழக்காகவே போனது. யுமோட்டோ ஜெயித்தது.

அத்தாமிக்கு 1896இல் ஓடவாராவிலிருந்து ஆட்கள் தள்ளும் ரயில் பெட்டி ஓடியது. ஏறக்குறைய நான்கு மணி நேரம். மேடு வந்தால் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் இறங்கித் தள்ள வேண்டும். பிறகு தன்னா ரயில் சுரங்கம். 1918இல் தொடங்கி 1934இல் முடிந்தது. 67 பேர் உயிர் விட்டார்கள். சுரங்கம் மலைக்குள்ளிருந்த நீரை வடித்துவிட, மேலே தன்னா பள்ளத்தாக்கில் கிணறுகளும் வசாபி வயல்களும் வற்றின. அந்த மக்கள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். தன்னா பால் இன்றும் விற்கிறது. 1964இல் ஷின்கான்சென் வந்தது. டோக்கியோவிலிருந்து அத்தாமி இன்று ஒரு மணி நேரம்கூட இல்லை. இத்தனை பேர் இத்தனை கொடுத்துக் கிட்டக் கொண்டுவந்த ஊரை, கிட்ட இருக்கிறதே என்பதற்காக ஒரே பகலில் முடித்துக்கொண்டு திரும்புவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கூட்டமும் அப்போது இல்லை. 2003இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 52 லட்சம் பேர், 2024இல் 3 கோடியே 68 லட்சம். அப்பாவோடு ஏறிய வண்டியில் நினைத்த ஜன்னல் கிடைத்தது. இன்று அது நிச்சயமில்லை. ஆகவே இடங்களைக் கூட்டிப் பயனில்லை, குறைக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். கப்பலை நீக்கினோம். கேபிள் காருக்கு அப்பால் ஓவாக்குதானி என்னும் எரிமலைப் பள்ளத்தாக்கை மட்டும் அன்று காலை பார்த்து முடிவு செய்வதென்று வைத்தோம். 2015இல் எரிமலை சீறியதில் அங்கே போக விடாமல் மூடிவிட்டார்கள், பலத்த காற்று அடித்தாலும் ரோப்வே நிற்கும். மலை சம்மதித்தால் போகலாம். 2019 அக்டோபர் புயலில் ஹக்கோனேயில் ஒரே நாளில் 922.5 மில்லிமீட்டர் மழை கொட்டி மலை ரயில் பாதையே அரித்துப் போனது. மறு ஜூலையில்தான் முழுதும் ஓட வைத்தார்கள். இந்த ஊரில் நிமிஷக் கணக்கை நம்ப முடியாது.

தங்கிவிட்டு வருவதென்றும் முடிவானது. விடுதிப் படிவத்தில் சைவத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. மகள் அதை நிரப்பிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மீன் சாற்றைப் பற்றி அந்தக் கட்டம் கேட்கவில்லை. "கூப்பிட்டுப் பேசும்மா, ரெண்டு நிமிஷம்தான்" என்றேன். பேசினாள். என்னைவிட எவ்வளவோ நன்றாக ஜப்பானிய மொழி பேசுகிறவள். அந்தப் பக்கம் ஒரு பையன் குரல் சமையலறையில் கேட்டுவிட்டு வந்து, முடியும், ஆனால் ஊறவைக்க வேண்டியிருப்பதால் முதல் நாளே உறுதி சொல்ல வேண்டும், இரண்டு இரவு தங்கினால் இரண்டாம் நாள் இன்னும் நன்றாகச் செய்யலாம் என்றானாம்.

வெள்ளி, சனிக்கு அறை கிடைக்கவில்லை. செவ்வாயும் புதனும் கிடைத்திருக்கிறது. அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டாள்.