கங்காணி இல்லாத வேலை

கேள்வி: எங்கள் ரம்புத்தானைக் குரங்குக் குட்டிகள் விட்டுவைப்பதில்லை. ஓர் அத்தி மரம் நட்டால் திருந்துமா?
– வாசகி, சிலிம் ரிவர்

பதில்: திருந்தாது, மரம் காய்த்தபின் இடம் மாறலாம்! குட்டி தன் தாயின் வாயை மோந்தும் எதைத் தின்னலாம் என்று கற்கிறது. அந்த வாயில் உங்கள் ரம்புத்தான் மணம் இருந்தால் பாடமும் அதுவே. அத்தியைக் காட்டோரம் நடுங்கள், வீட்டுச் சுவரோரம் வேண்டாம். அதன் வேருக்கு எல்லைக்கல் தெரியாது.

இன்னொரு சேதி. நம் பேராக்கில், செகாரி காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. பன்றிவால் குரங்குகள் மட்டை இடுக்கைக் கிளறி எலி பிடிக்கின்றன. எலித்தொகையை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக்கூடும் என்றது கணக்கு. கொஞ்சம் பழமும் தின்னும். கங்காணி இல்லாமல் பார்க்கும் வேலைக்கு அதைக் கூலி என்று எழுதிக்கொள்ளலாம்.