சேனை வச்சவன் சொல்றேன், கேளு மருமவனே

பாப்பாவோட பத்து விரலையும் ஸ்கேனர்ல வச்சு அமுக்கி, கனமா ஒரு கலர் புத்தகம் வாங்கிட்டு வந்திருக்கியாமே. உங்கம்மா போன்ல சொன்னா. மகன் காசை எறிஞ்சிட்டு வந்த கதையை இவ்வளவு சந்தோசமாச் சொல்ற தாயை நான் இப்பத்தான் பாக்கேன். பிள்ளைக்குக் கணக்கு வருமாம், பாட்டு வராதாம், எஞ்சினியரிங்ல சேத்து விடலாமாம். அஞ்சு வயசுப் பிள்ளை, இன்னும் செருப்பை இடம் வலம் மாத்திப் போடுது. அதுக்குள்ள காலேஜ் எதுன்னு விரல்நுனி சொல்லிருச்சு. நம்ம ஊருக்குக் கைரேகை பாக்க வர்ற கிழவி பாவம், ஒரு படி கம்பும் ஒரு பழைய சேலையும் குடுத்தா உன்னைக் கலெக்டராவே ஆக்கிட்டுப் போயிருவா. என்ன, அவகிட்டப் பிரிண்டர் இல்ல.

ரேகை எப்ப விழுதுன்னு அந்த ஆபீஸ்ல கேட்டியா? தாய் வயித்துக்குள்ள மூணாம் மாச வாக்குல ஆரம்பிச்சு ஆறாம் மாசத்துக்குள்ள முடிஞ்சிருது. ஒரே கருவுல உண்டான ரெட்டைப் பிள்ளைக்கும் ரேகை வேற வேற. பரம்பரைச் சரக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா பனிக்குடத்துக்குள்ள ஒருத்தன் ஒருக்களிச்சுக் கெடந்திருப்பான், இன்னொருத்தன் முட்டிக்கிட்டுக் கெடந்திருப்பான். விரல் வளந்த வேகம், தண்ணியோட அழுத்தம் எல்லாம் சேந்து கோடு போடுது. ரத்தம் பாதி வரைஞ்சா இருந்த இடம் மீதியை வரையுது. அதை வச்சு மூளையில என்ன இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது. மனநல டாக்டர்மாரு தலையில அடிச்சுக்கிறாங்க. நீ எஞ்சினியர், உனக்கு இதெல்லாம் தெரியாது.

இதுல புருசன் பொண்டாட்டிக்குள்ள பங்குச் சண்டை வேற. பிள்ளை நூத்துக்கு நூறு வாங்கினா உங்க வம்சம். சோத்துத் தட்டைத் தட்டிவிட்டா அவ வம்சம். அவளும் இதையேதான் திருப்பிச் சொல்லுவா. நடுவுல அந்தப் பிள்ளை ஒண்ணு இருக்குங்கறதே ரெண்டு பேருக்கும் மறந்து போகுது.

வம்சம்னா உனக்கு மட்டுமில்ல, பெரிய பெரிய ஆளுக்கும் மயக்கந்தான். பிரான்சிஸ் கால்டன்னு ஒரு வெள்ளைக்காரர், 1869-ல புத்தகமே போட்டாரு: மேதை வீட்டுலதான் மேதை பிறப்பான், நீதிபதி வீட்டுலதான் நீதிபதி பிறப்பான்னு. அந்த நீதிபதி வீட்டுல அலமாரி நெறையப் புத்தகம் இருந்துச்சு, வாத்தியார் வீடு தேடி வந்தாரு, அப்பன் பேரைச் சொன்னா கதவு தொறந்துச்சு. அதெல்லாம் அவர் கணக்குல சரியா ஏறல. அவரும் டார்வினும் ஒரே தாத்தாவுக்குப் பேரன்மாரு. அப்படி ஒரு குடும்பத்துல பிறந்துட்டு வம்சத்துல ஒண்ணுமில்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

உனக்குச் சேனை வச்சது யாரு? நான்தான். நீ பிறந்தப்போ சீனித்தண்ணியில விரலைத் தொட்டு உன் நாக்குல வச்சேன். சேனை வச்சவன் குணம் பிள்ளைக்கு வரும்னு ஊர்ல பேச்சு. அப்பவே எனக்கு வாயாடின்னு பேரு. உங்கப்பா மூஞ்சி சுண்டிப்போச்சு. கடைசியில பாத்தா, பொண்ணு பாக்கப் போன வீட்டுல பேரைக் கேட்டதுக்கே நீ உங்கம்மா மூஞ்சியைப் பாத்த. இப்ப டாக்டருங்க ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி கூடாதுங்கறாங்க. அது நியாயம், உன் பிள்ளைக்கு நான் விரலை நீட்டல. ஆனா அந்தப் பழக்கத்தை வச்சவன் முட்டாள் இல்ல. பெத்தவங்க ரத்தம் மட்டும் போதாது, ஊர்ல ஒரு நல்ல ஆளும் பிள்ளைக்குள்ள போகணும்னு நெனச்சிருக்கான். அந்த ஆளு சீனித்தண்ணி வழியாப் போறதில்ல. சேனை வச்ச பாத்தியதையில பிறகும் வீட்டுக்கு வந்து போறான் பாரு, அந்த வழியாப் போறான்.

அமெரிக்காவுல ஒஹையோ மாகாணத்து ரெட்டைப் பிள்ளைக கதை நீயும் படிச்சிருப்ப. பிறந்த சில வாரத்துலயே பிரிஞ்சு, வேற வேற வீட்டுல தத்துப் போயி, 39 வயசுல, 1979-ல ஒண்ணு சேந்தாங்க. ரெண்டு பேர் பேரும் ஜிம். ரெண்டு பேருக்கும் முதல் பொண்டாட்டி லிண்டா, ரெண்டாவது பொண்டாட்டி பெட்டி. சின்ன வயசுல வளத்த நாய்க்கு ரெண்டு வீட்டுலயும் டாய்னு பேரு. பேப்பர்காரனுக்குக் கொண்டாட்டம். ஏம்ப்பா, லிண்டாவைக் கட்டணும்னு எந்த ஜீன்ல எழுதியிருக்கும்? அந்தக் காலத்து அமெரிக்காவுல லிண்டாவும் பெட்டியும் நம்ம ஊர் செல்வியும் முத்துலட்சுமியும் மாதிரி, தெருவுக்கு நாலு. அது ரத்தம் செஞ்ச வேலை இல்ல, ஊர் செஞ்ச வேலை.

அதுக்காக ரத்தத்துல ஒண்ணுமே இல்லைன்னு நான் சாதிக்கல. அந்த ரெண்டு பேர்ல ஆரம்பிச்சு, பிரிஞ்சு வளந்த ரெட்டையர்களைத் தேடிப் பிடிச்சு மினசோட்டா பல்கலைக்கழகத்துல தாமஸ் பவுச்சார்டு இருபது வருசம் ஆராய்ச்சி பண்ணினாரு. புத்தி, சுபாவம் ரெண்டுலயும் அவரே எதிர்பாக்காத அளவுக்கு ஒத்துப்போச்சு. அது நெசம், முழுங்கித்தான் ஆகணும். ஆனா ஒண்ணைக் கவனி: தத்துக் குடுக்குறவன் பட்டினி கெடக்குற வீடாப் பாத்தா குடுப்பான்? அநேகமா எல்லாரும் வயிறாரத் தின்ன வீட்டுப் பிள்ளைக. எல்லாருக்கும் சோறு கெடைச்சிட்டா அப்புறம் மிச்சம் தெரியற வித்தியாசத்துல ரத்தத்துப் பங்குதான் பெருசாத் தெரியும்.

சோறு கெடைக்காட்டி என்ன ஆகும்ங்கறதுக்குக் கொரியா இருக்கு. 1945-ல குறுக்கே கோடு போட்டுப் பிரிச்சாங்க. ரத்தம் ஒண்ணு, பாஷை ஒண்ணு. இன்னைக்கு வடக்குப் பிள்ளை தெக்குப் பிள்ளையைவிடக் குட்டை. உசரத்தைப் போல வம்சத்துல இறங்குற சமாச்சாரம் வேற எதுவும் அதிகம் இல்ல, அதையே பஞ்சம் வெட்டிப் போட்டுருச்சு.

காமராசர் 1956-ல மதியச் சாப்பாடு போட்டதும், எம்.ஜி.ஆர். 1982-ல அதைச் சத்துணவு ஆக்கினதும், நீ பள்ளிக்கூடப் பாடத்துல மார்க்குக்காகப் படிச்சது. 2022-ல காலைச் சாப்பாடும் வந்துச்சு. உன் தட்டுல விழுந்த வேகவச்ச முட்டை உனக்கு நெனப்பிருக்கா? தோலை உரிச்சு, வெள்ளையை முதல்ல தின்னுட்டு, மஞ்சக்கருவைச் சட்டைப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டாருவ. சட்டையைத் துவைச்சவ என் அக்கா, அவளைக் கேளு. உன் எஞ்சினியர் மூளையில அந்த முட்டைக்கு எத்தனை சதவீதம்? எந்த ரிப்போர்ட்டும் போடாது.

சரி, திறமைக்கு வருவோம். செஸ் கிராண்ட்மாஸ்டர் வைஷாலியை அந்த ஆட்டத்துல சேத்தது எதுக்கு? பிள்ளை டிவியே கதின்னு கெடக்குன்னு. தம்பி பிரக்ஞானந்தா, அக்கா ஆடுறதைப் பாத்துப் பக்கத்துல உக்காந்தவன். கூடப்பிறந்த அக்கா தம்பி ரெண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்துலயே அதான் முதல் தடவை. ‘ஒரு வயித்துப் பிள்ளைக, ரத்தம்’னு துள்ளாத. அந்தத் தாய் நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் கூடவே போயி, போன எடத்துலயும் சோறும் ரசமும் வச்சுப் போட்டிருக்காங்க. ஆட்டம் நடக்குற எடத்துல ஒரு ஓரமா மணிக்கணக்குல உக்காந்திருக்காங்க. நீ பாப்பாவை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு வாசல்ல காருக்குள்ள தூங்குறியே, அந்த மாதிரி இல்ல.

அதுக்கும் பின்னால ஊர் ஒண்ணு நிக்குது. மானுவல் ஆரோன் 1972-ல மெட்ராசுல சோவியத் கலாச்சார மையத்துல தால் செஸ் கிளப்பை ஆரம்பிச்சாரு. காய் நகத்த அம்மாகிட்டக் கத்துக்கிட்ட சின்னப் பையன் விஸ்வநாதன் ஆனந்த் அங்க போயித்தான் பெரிய ஆளுகளோட மோதினாரு. 1988-ல நாட்டோட முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர்ல குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன். ஆனந்த் ரத்தமா குகேஷ் உடம்புல ஓடுது? ஆடத் தெரிஞ்சவன் பக்கத்துத் தெருவுல இருந்தான், சொல்லிக் குடுக்க ஆள் இருந்துச்சு, ஜெயிச்சா மாலை போட ஊர் இருந்துச்சு.

நம்ம மடத்துத் திண்ணையில ஆடுபுலி ஆடுன கூனக்கிழவனை யாராவது ஜெயிச்சது உண்டா? எட்டு நகர்த்தல் முன்னாலயே புலி எங்க மாட்டும்னு சொல்லுவான். சாகுற வரைக்கும் அவனுக்குக் கெடைச்ச பரிசு ஓசி பீடி.

அதனால பிள்ளைக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டுறதை விட்டுட்டு, பிள்ளையைச் சுத்தி யாரு இருக்கான்னு பாரு. பத்தாவது மாடி, லிப்ட், யூட்டியூப், நீ. இதுல நீ இருக்கறதாச் சொல்றதே மரியாதைக்குத்தான். மே மாசம் லீவு விட்டதும் அதை இங்க அனுப்பு. ஆட்டுக்குட்டி இருக்கு, ஊருணி இருக்கு, திட்டுறதுக்குக் கிழவிக ஏழெட்டுப் பேர் இருக்காளுக. ஏசி இல்ல, அதனால நீ வர வேண்டாம். பாப்பா வரும்போது உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி அதிரசம் நாலு சுட்டுக் குடுத்து விடு. அவ மாமியார் சொல்லிக் குடுத்த பக்குவம் இல்ல, அவ அம்மா சொல்லிக் குடுத்தது. எங்க அக்கா அதிரசம் எனக்குத் தெரியும், இருக்குற மூணு பல்லையும் நான் நம்பித்தான் பொழைக்கேன்.