வழிகாட்டுதலுடன் சுயகற்றல்: படிக்காமல் தேறுவது எப்படி?

மத்திகிரி கூட்ரோட்டில் அறை எடுத்துத் தங்கி, ஓசூர்ப் பக்கமோ பெங்களூருப் பக்கமோ பிசியோதெரபி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கையேடு. வெளியூர்க்காரர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம். டைம்டேபிளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்க நேரத்துக்கு 'வழிகாட்டுதலுடன் சுயகற்றல்' என்று பெயர் வைத்திருப்பார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே 2019 முதல் சுயகற்றலுக்குத் தனியாக நேரம் ஒதுக்கிவிட்டார்கள். டாக்டர்களுக்கு இருப்பது நமக்கும் இருக்க வேண்டாமா?

முதல் வேலை, வழிகாட்டியைக் கழற்றிவிடுவது. பெரும்பாலும் இது தானாகவே நடந்துவிடும். சார் வருவார், "பிரேக்கியல் பிளெக்ஸஸ் பார்த்து வைங்கப்பா" என்பார், அட்டென்டன்ஸ் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எதை, எதுவரை, நாளைக்கு யார் கேட்பார்கள் என்றெல்லாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். சில ஆசிரியர்கள் போர்டில் மூன்று கேள்வி எழுதிப்போட்டு, "நாளைக்கு ஒவ்வொருத்தரா செஞ்சு காட்டணும்" என்பார்கள். அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் படிப்பு ஏறிவிடும்.

அடுத்தது புத்தகம். சௌராசியாவின் உடற்கூறியல் புத்தகத்தை விரித்து மஞ்சள் ஹைலைட்டரால் பூசுங்கள். பக்கம் முழுக்க மஞ்சளானால் பாடம் முடிந்தது. 2013-இல் ஜான் டன்லோஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவதாலும் திரும்பத் திரும்ப வாசிப்பதாலும் பலன் குறைவு, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டு விட்டுப் படிப்பதும்தான் கைகொடுக்கும் என்று எழுதிவைத்தார்கள். ஹைலைட்டர் வியாபாரத்தைக் கெடுக்க வந்தவர்கள், விட்டுத்தள்ளுங்கள். பிடிஎஃப் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுங்கள், போதும்.

இனி முக்கியமான விஷயம்: யாரையும் தொடாதீர்கள். அறையில் மூன்று பேர் என்றால் ஆறு தோள், ஆறு முட்டி. வாடகையோடு சேர்ந்தே வந்த லேப் அது. அதன் பக்கமே போகக் கூடாது. ரெக்கார்ட் நோட்டில் தோள் 180 டிகிரி, முட்டி 135 என்று புத்தகக் கணக்கை அப்படியே இறக்குங்கள். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை நிஜமாகவே வைத்துப் பார்த்தால் சங்கடம்தான். தோள் இறுகிப்போனவர் கையைத் தூக்கும்போது, பாதிக்கு மேல் தோள் வராமல் முதுகை வில்லாய் வளைப்பார். கை இன்னும் கொஞ்சம் ஏறும், அளவும் ஏறும். ஏறியது தோளா முதுகா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். சந்தேகம் வந்தால் சாரைத் தேட வேண்டும், சார் கிடைத்தால் அது வழிகாட்டுதல் ஆகிவிடும். வம்பு.

தசை பலம் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நரம்புக் காயங்களைச் சோதிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட 0 முதல் 5 வரையிலான அளவுகோலைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3, அதோடு உங்கள் கையின் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4. நீங்கள் எல்லோருக்கும் 4 போடுங்கள். 5 போட்டால் "அப்புறம் ஏன் வந்தார்?" என்பார்கள், 3 போட்டால் "காட்டு பார்க்கலாம்" என்பார்கள். 4 போட்டவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவும் பழகுங்கள். மத்திகிரியிலேயே கோழியினக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கோழியைக் கையில் பிடிக்காமல் பாடம் முடியாது. அவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து கெட்டுப்போக வேண்டாம். சிப்காட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நிற்கும் அக்கா மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நாளெல்லாம் சின்னச் சின்ன உதிரிப்பாகங்களைப் பொருத்துகிற கை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் 'சுரீர்' என்கிறதா என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்டுத் தொலைத்தால் அங்கே வலிக்கிற தசைநாண் எங்கே ஓடுகிறது என்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டத் தோன்றும். அதைத்தான் சுயகற்றல் என்கிறார்கள், ஜாக்கிரதை.

இத்தனையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் வைவாவில் சிரித்துச் சமாளித்து, இன்டர்ன்ஷிப்பையும் கையெழுத்தில் முடித்து, போர்டு மாட்டிவிடலாம். வாழ்த்துகள். ஒரே ஒரு வேண்டுகோள்: தோள்வலி என்று நான் வந்து நின்றால், அந்த மூன்று கேள்வி எழுதிப்போட்ட சாரிடம் படித்தவர் யாராவது இருந்தால் அங்கே அனுப்பிவிடுங்கள்.